முகூர்த்த நாளில் திரும்பிய விமானம்

எங்கள் இலஞ்சியில் விமானம் ஓட்டுகிற ஒரே ஆள் லோகநாயகி. தென்னந்தோப்பு தில்லைநாயகத்தின் மகள். ஊரில் அவளைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மேல வழி எப்படித் தெரியுது?" அவளும் சலிக்காமல், செயற்கைக்கோள் வழிகாட்டும், திரையில் கோடு தெரியும் என்று சொல்வாள். மேகம் அடைத்துக் கிடந்தாலும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுபாதைக்கு இறங்கிவிடலாம். ஆனால் ஒரு உயரம் உண்டு. அதுவரை வந்தும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால், மறுபேச்சில்லாமல் மேலே ஏறித் திரும்பிவிட வேண்டும்.

இந்தத் திரும்புவதுதான் அவளுக்கு ஆகாது. அம்மா ஆனந்தவள்ளி வளர்த்த வளர்ப்பு அப்படி. வாசலைத் தாண்டிய பிறகு பேனாவை மறந்தேன் என்று திரும்பி வந்தால் அந்த வீட்டில் சகுனம் கெட்டுப்போச்சு என்று பெரிய ரகளை. "ஏட்டி, உக்காரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் புதுசாப் புறப்பட்டுப் போ" என்று அதட்டுவாள். பள்ளிக்கூட பஸ்ஸை விட்டாலும் விடலாம், தண்ணீர் குடிக்காமல் போக முடியாது.

விமானப் பயிற்சியில் முதல் தேர்வில் லோகநாயகி தோற்றது இதனால்தான். கருவிகள் மட்டும் தெரிய, வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பு மாட்டியிருந்தார்கள். அந்த உயரம் வந்தும், புறப்பட்டுவிட்டுத் திரும்ப மனசு வராமல் இறங்கிக்கொண்டே இருந்தாள். பரிசோதகர் அலறியடித்துக் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பெண்ணைத் தவிர வேறு யார் இப்படி ஒரு காரணத்துக்குத் தோற்பாள்! நல்லவேளை, அடுத்த முறை தேறிவிட்டாள்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்ப் பம்புசெட்டுத் தொழிலில் கொழித்த செந்தில்வேல் அண்ணாச்சி, சின்ன விமானம் ஒன்று வாங்கியிருந்தார். நம்ம பக்கத்துப் பிள்ளை என்று அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த கையோடு, கார்த்திகையில், அவருடைய தங்கை மகளுக்கு இலஞ்சி முருகன் கோயிலில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மணவறையில் பெண்ணை உட்கார வைக்க முடியுமா? விடியும்போதே சென்னையில் கிளம்பினார்கள். தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து காரில் போவதாக ஏற்பாடு.

தூத்துக்குடிக்கு வந்தால் கீழே தரையையே காணோம். எல்லாம் மேகம். லோகநாயகி திரையில் தெரிந்த கோட்டைப் பிடித்து இறங்கினாள். அந்த உயரம் வந்ததும் கருவி "மினிமம்ஸ்" என்று குரல் கொடுத்தது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. விசையை முன்னே தள்ளி விமானத்தின் மூக்கைத் தூக்கினாள்.

"என்ன தாயி, மேல ஏறுத?" பின்னாலிருந்து அண்ணாச்சி கேட்டார்.

"ரன்வே தெரியல அண்ணாச்சி. சுத்திட்டு வாரேன்."

"நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவனைத் திருப்புதியே! இறக்கு. இல்லன்னா நாளையிலேருந்து வேலைக்கு வரவேண்டாம்."

லோகநாயகிக்கு இது ஆசைப்பட்டுப் படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை. போய்விட்டால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது? பயந்துகொண்டேதான் ஏறினாள், ஆனாலும் ஏறினாள். மேகத்துக்கு மேலே வெயிலுக்கு வந்ததும், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அண்ணாச்சி, பக்கத்துல தண்ணி பாட்டில் இருக்கு. ஒரு வாய் குடிங்க. இப்ப புதுசாப் புறப்படுதோம்."

பின்னால் பாட்டில் மூடி திறக்கும் சத்தமும், "முருகா" என்ற முனகலும் கேட்டன. அவர் வீட்டிலும் ஒரு ஆனந்தவள்ளி இருந்திருப்பாள்போல.

இரண்டாம் முறை இறங்கும்போது மேகம் கொஞ்சம் கலைந்திருந்தது. அந்த உயரத்துக்குச் சற்று முன்பே ஓடுபாதை விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. பூப்போல இறக்கினாள். அண்ணாச்சி இறங்கிய கையோடு விமான நிலைய வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். வேலை போச்சு என்று முடிவு கட்டி, தன் பையை எடுத்துவைத்தாள்.

பார்த்தால், போனவர் வேகுவேகென்று திரும்பி வருகிறார். மருமகளுக்கு எடுத்த மாமன் சேலை சீட்டிலேயே கிடந்தது. எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டவர், விமானத்தின் படியில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "மேல நீ திரும்பலைன்னா, இதை எடுக்க நான் திரும்பி வந்திருக்க மாட்டேம்லா தாயி" என்றார். பாட்டிலை அவளிடமே நீட்டினார்.

"நீயும் ஒரு வாய் குடி. சாயந்தரம் என்னையக் கூட்டிட்டுப் போவணும்லா."