வருவதற்கு முன்பே வந்த செய்தி

"இதை இப்போதே செய்யாதே, நேரம் வரும்போது செய்" என்று புரோகிராமின் ஒரு துண்டை, அதாவது ஒரு ஃபங்ஷனை, இன்னொரு ஃபங்ஷன் கையில் கொடுத்துவைப்பதுதான் எங்கள் பிழைப்பில் பாதி. பல கணினி மொழிகளில் புரோகிராம் எழுதி மண்டை காயும் சக பாவிகளே, கொடுக்கும் விதம் மொழிக்கு மொழி மாறும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்!

பழைய பழக்கம்

மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் ஆன்டிக்கு ஒரு புரோகிராம். பிள்ளை வீடு சேர்ந்ததும் அம்மாவின் போனுக்குச் செய்தி போக வேண்டும். பத்து வருடம் பிஎச்பி மொழியில் எழுதிய கை. அங்கே போலவே ஃபங்ஷன் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்தேன். இந்தப் புரோகிராமின் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கோ அது வெறும் எழுத்து. ஒரு செய்தியும் போகவில்லை. ஆன்டி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, பிள்ளைங்க வீட்டுக்குப் போயி மைலோ குடிச்சாச்சு. உன் மெசேஜ் மட்டும் இன்னும் ஜாம்ல நிக்குதா?"

ஒரு ஜோடி பிராக்கெட்

மேற்கோள் குறியை எடுத்தேன். எடுத்த கை சும்மா இருந்ததா? பெயருக்குப் பின்னால் பிராக்கெட் போட்டது. அன்று பூச்சோங் வீட்டிலிருந்தே வேலை. சோதனைக்காக என் கணவர் சரவணனின் போனை வேனாகவும், என் எண்ணை அம்மா எண்ணாகவும் பதிந்திருந்தேன். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

ஓடவிட்டதும் என் போன் சிணுங்கியது. "சரவணன் வீடு வந்து சேர்ந்தார்." நானே எழுதிய வாசகம்தான், தெரியும். இருந்தும் எழுந்து போய் வாசல் கிரில்லைத் திறந்தேன். வெளியே பக்கத்து வீட்டுச் செருப்புகள்தான் கிடந்தன. வீடியோவில் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியர் மாலிக் சொன்னார்:

"அக்கா, பிராக்கெட் போட்டீங்கன்னா அது வெயிட் பண்ணாது. ஆளு வர்றதுக்கு முன்னாடியே ஓடிரும்."

இப்போது சரி

பிராக்கெட்டை எடுத்தேன். புரோகிராம் சமர்த்தாகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த சரவணன், "லீவு கேன்சல் லா, அடுத்த வாரம் கண்டிப்பா" என்றார். சரி என்று போனை வைத்துவிட்டு, அவருக்காக வாங்கிய மீனை ஃபிரீசரில் போட்டு அழுதேன். சற்று நேரத்தில் ஆன்டியின் வாய்ஸ் மெசேஜ்.

"இப்ப டாப் லா! ஆளு வந்தாத்தான் மெசேஜ் வருது, பொய்யே சொல்லல."

பொய் சொல்லாத புரோகிராமை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அந்தப் பிராக்கெட்டை ஒரே ஒரு தடவை திரும்பப் போட்டுப் பார்க்கலாமா என்றுதான் வெள்ளிக்கிழமைதோறும் கை பரபரக்கிறது.