பொங்கியண்ணன் எடுத்த ஒரு மாதம்

நாள் முழுக்க ஒரு பொருளைப் புகழ்ந்து பேசிப் பிழைக்கிறவனுக்கு, தனக்கென்று பேச ஒரு குரல் மிஞ்சுமா? எருத்தேன்பதிப் பக்கத்துப் பொங்கியண்ணனின் வாழ்க்கை இப்படி ஒரு கேள்வியைக் கேட்டபடி நடந்தது. அவருக்கே அது கேட்டதா என்பது தெரியாது. யோசிக்க உட்காரும் வழக்கம் அவரிடம் இல்லை. உட்கார நேரமும் இல்லை.

வானம் பார்த்த பூமி நாலு வருஷம் பொய்த்த பிறகு, 1931இல் கொல்லங்கோட்டில் கிடங்கு வைத்திருந்த ஒரு தேயிலைக் கம்பெனியில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். கீழ்ப் பாலக்காட்டுச் சனம் அப்போது கம்மங்கூழும் மோரும் குடித்துக்கொண்டிருந்தது. தேயிலை என்றால் சீக்குக்காரர் குடிக்கிற கஷாயம் என்று நினைத்தது. அந்த நினைப்பை மாற்றுவதுதான் வேலை. கம்பெனி மாட்டுவண்டியில் கரியடுப்பும் பித்தளைப் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு, ஊருக்குள் போய் மணி அடித்து, வாசலில் அடுப்பு மூட்டிச் சும்மா ஊற்றிக் கொடுக்க வேண்டும். குடித்தவர்களிடம் காலணாப் பொட்டலம் விற்க வேண்டும். நாளுக்கு நாற்பது வீடு, வாரத்துக்கு ஆறு நாள்.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, அசதியெல்லாம் ஓடியே போயிரும்!" என்று ஒவ்வொரு வாசலிலும் மணிக்கு ஏற்ற ராகத்தில் சொல்வார். நன்றாகவே சொல்வார். மூன்றாம் வருஷத்தில் கிடங்கிலேயே அதிகம் விற்றவர் அவர்தான்.

அந்த வருஷம் வைகாசியில் ஒருநாள், மகளுக்குக் காய்ச்சல் என்று மனைவி பூவாத்தாள் நிலவேம்பு காய்ச்சி வைத்திருந்தாள். குழந்தை வாயை மூடிக்கொண்டது. பொங்கியண்ணன் கிண்ணத்தை வாங்கி, "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று ஆரம்பித்தார். அதே ராகம், அதே மரியாதை, அதே சிரிப்பு. குழந்தை பயந்து அழுதது.

"ஏனுங்க," என்றாள் பூவாத்தாள், "பெத்த புள்ளகிட்டப் பேசறீங்களா, சந்தைக்கு வந்த சனத்துகிட்டப் பேசறீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தப் பதிலும் அதே ராகத்தில்தான் வரப்போகிறது என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

தப்பு நடந்தது அதற்கு அடுத்த வாரம். ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். களைத்துப்போன அவர் கண்ணுக்குக் கூட்டம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மணியை அடித்தார். அடுப்பை மூட்டினார். பாட்டை எடுத்தார். "அசதியெல்லாம் ஓடியே போயிரும்" என்று முடித்து நிமிர்ந்தபோதுதான், பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. விடியற்காலையில் இறந்த பெரியவரை உள்ளே கிடத்தியிருந்தார்கள். பறை இன்னும் வந்து சேரவில்லை.

பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. இது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதல்ல.

"எழவு ஊட்டு வாசல்ல அடுப்பு மூட்டற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் ஒரு கிழவி.

அவர் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றப் போனார். செத்தவரின் மைத்துனர் கையைப் பிடித்துவிட்டார். "இருங்க. அது கம்பெனி அடுப்பு. நம்ம ஊட்டு அடுப்பு இல்லீங்களே?"

"அதெப்படி மாமா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அது அப்படித்தான். ராத்திரியெல்லாம் முழிச்ச சனம், பச்சத் தண்ணி பல்லுல படல. ஊத்துங்க நீங்க."

ஊற்றினார். கிழவிதான் முதலில் குடித்தாள். இரண்டாவது தரமும் கேட்டாள். மறுநாள் அந்த ஊர்க் கடைக்காரர் ஆள் அனுப்பி இருநூறு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

கிடங்கு அதிகாரி ஏசுரத்தினம் தெற்கத்திக்காரர், கெட்டிக்காரர். விஷயத்தைக் கேட்டுத் தொடையில் தட்டினார். "வே பொங்கியண்ணன், இத்தன வருசமா நமக்கு யாருக்கும் தோணலையே! கூட்டம் இருக்கு, பசி இருக்கு, வீட்டுல அடுப்பு இல்ல. இனிமே எங்க சாவு விழுந்தாலும் நம்ம வண்டி அங்க நிக்கணும். ஆடி ஒண்ணுல இருந்து நீருதான் இன்ஸ்பெக்டர். மத்தவனுகளுக்குச் சொல்லிக் குடும்."

"எனக்கு ஒரு மாசம் லீவு வேணுமுங்க."

"காய்ச்சலா?"

"இல்லீங்க."

"பெறவு?"

"பேச முடியலீங்க."

"இப்பப் பேசுதீரே வே!" என்று சிரித்தார் ஏசுரத்தினம். ஆனால் நல்ல மாட்டை ஓட்டியே கொல்லக்கூடாது என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு. ஆடி ஒன்றாம் தேதி காலை வந்து நிற்காவிட்டால் இன்ஸ்பெக்டர் வேலை மட்டுமல்ல, இருக்கிற வேலையும் கிடையாது என்று சொல்லி லீவு கொடுத்தார்.

வண்டிக்காரன் பொன்ராஜின் அக்காள் அழகுத்தாய் சூரியநெல்லித் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். போகிற இடம் ஒன்று வேண்டுமே என்று பொன்ராஜ் கைகாட்டியது அது. பொங்கியண்ணன் கொல்லங்கோட்டில் ரயில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, போடிநாயக்கனூரில் இறங்கி, மலைப்பாதையில் நடந்து ஏறினார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் தூரத்துச் சொந்தம் என்று சொல்லி வைத்தார்கள்.

முதல் நாள் அழகுத்தாய் ஒரு கோப்பையில் சாயத்தண்ணி கொடுத்தாள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது அதைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். அவள் புருஷன் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லாருக்குதுங்களா?" என்று அவரே கேட்டார்.

"இதுல நல்லாருக்குறதுக்கு என்னண்ணே இருக்கு? சூடா இருக்கு, குடிங்க," என்றாள் அவள். பிறகு வாயைப் பொத்திச் சிரித்தாள். "இதப் போயி வீடு வீடா மணியடிச்சுப் பெருமை பேசுதியளாமே? தம்பி சொன்னான். எலையப் பிடுங்குத எங்களுக்கே தெரியாத பெருமை!"

அவர் கோபப்படவில்லை. குடித்தார்.

அங்கே இருந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. விறகு பிளந்தார். பெண்கள் மழையில் கம்பளி போர்த்திக்கொண்டு மலைச்சரிவில் ஏறுவதையும், கூடை நிறைந்து இறங்குவதையும் பார்த்தார். நிறையத் தூங்கினார். அழகுத்தாய் கேட்டால் தலையாட்டுவார். ஊமை ஒருத்தர் வந்திருக்கிறார் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பேச்சு இருந்தது. ஏறக்குறைய இருபதாம் நாள் வாசலில் நின்று மலையை மூடிய பனிமூட்டத்தைப் பார்த்தவர், "மஞ்சு எறங்கிருச்சுங்க," என்றார். யாரையும் எதையும் வாங்கச் சொல்லாத ஒரு வாக்கியம். ராகம் இல்லாமல் வந்தது.

"அத எனக்கா சொல்லுதிய? நான் பொறந்ததுல இருந்து பாக்கேன்," என்றாள் அழகுத்தாய்.

அவர் திரும்பிவர மாட்டார் என்று கிடங்கில் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆடி ஒன்றாம் தேதி காலை மணியோடு வந்து நின்றார். அன்றைக்கே எருத்தேன்பதியில் ஒரு சாவு. வேலை கற்றுக்கொள்ள நாலு பேரைக் கூட அனுப்பிய ஏசுரத்தினம், தானும் பின்னால் வந்தார். பொங்கியண்ணன் மணியை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். வாசல் ஓரமாக அடுப்பை மூட்டிக் காய்ச்சி, வரிசையாக ஊற்றிக் கொடுத்தார். பாட்டு எப்போது வரும் என்று நாலு பேரும் காத்திருந்தார்கள்.

ஒரு பெரியவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது ஒடம்புக்கு நல்லதுங்களா?"

எந்த வியாபாரிக்கும் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. ஏசுரத்தினம் ஒரு அடி முன்னால் வந்தார்.

"சூடா இருக்குதுங்க. குடிங்க," என்றார் பொங்கியண்ணன்.

இன்ஸ்பெக்டர் வேலை வேறொருவருக்குப் போனது. ஏசுரத்தினம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. பொட்டலம் கொஞ்சம் குறைவாகத்தான் என்றாலும் விற்றுக்கொண்டிருந்தது, அது எப்படி என்று ஏசுரத்தினத்துக்கு விளங்கவில்லை. பொங்கியண்ணன் மேலும் ஐந்து வருஷம் அதே சம்பளத்தில், அதே வண்டியில் ஊர் ஊராகப் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் சொன்னார். மகளுக்குக் கதை சொல்வார், மாட்டோடு பேசுவார், பூவாத்தாளோடு சண்டை போடுவார். தேயிலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை.

"வேலைய உட்டுருந்தாலும் ஒரு ஞாயம். உடவுமில்ல, ஒழுங்காச் செய்யவுமில்ல. எதுக்குங்க இப்படி?" என்று பூவாத்தாள் ஒருமுறை கேட்டாள்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.