ஒற்றை மூக்கில் ஓடிய ஏலம்

கால் வைத்தால் நறுக்கென்று நொறுங்கும்... போடி ஏலக்காய் ஏல மண்டபத்தின் தரை அந்தக் காலத்தில் அப்படித்தான் இருக்கும். சாம்பிள் காயை ஒரு கைப்பிடி அள்ளி, உருட்டி, முகர்ந்து, பார்த்து முடித்ததும் தரையில் வீசுவது வியாபாரிகளின் வழக்கம். மத்தியானத்துக்குள் முழங்கால் வரை பச்சை வெள்ளம். என் வேட்டியை அலசிய தண்ணீரில் ஒரு கல்யாணத்துக்கே பாயசம் காய்ச்சலாம்.

அந்த மண்டபத்தில் என் மூக்குக்கு ஒரு சிம்மாசனம் இருந்தது நண்பர்களே. கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை. காயை முகர்ந்தால் எந்த மலை, எந்தச் சரிவு, பறித்த அம்மாள் வெற்றிலை போடுவாரா என்பது வரை சொல்லிவிடுவேன். என் முதலாளி தேனியில் மொத்த வியாபாரி. அவருக்காக ஏலத்தில் காய் எடுப்பது என் வேலை. அவர் கடவுளுக்கு அடுத்தபடி நம்பியது என் மூக்கை.

அந்த மூக்கு ஒரு சீசனில் அடைத்துக்கொண்டது.

வெளியில் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாளே என் நாற்காலியில் வேறொரு மூக்கு உட்கார்ந்திருக்கும். மருந்துக்கடையில் சொட்டு மருந்து ஒரு பாட்டில் வாங்கினேன். இரண்டு சொட்டு... ஆகா! மேகமலைக் காற்று மொத்தமும் உள்ளே. முதலில் ஏலம் முடிகிற வரை தாங்கியது. பிறகு பாதி ஏலம் வரை. கடைசியில் ஏலத்துக்கு வரும் ஒரு லாட் மூட்டைகளுக்கும் அடுத்த லாட்டுக்கும் நடுவே பாத்ரூமுக்கு ஓட்டம். "அண்ணே, சுகர் செக் பண்ணுனீகளா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கும் நிலைமை.

மாதங்கள் போயின. பாட்டில்கள் மாறின. வாசனை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தது.

ஒருநாள் முதலாளியிடமிருந்து போன். கத்தவில்லை. அதுதான் பயமே.

"ஏப்பா, நீ எடுத்த மூட்டையப் பிரிச்சா செங்கச் சூளை கணக்கா வாட அடிக்குது. காய வைக்கிற எடத்துல புகை கசிஞ்ச காயி. ஒனக்குத் தெரியலையா?"

நான் இருமினேன்.

"தீபாவளி ஆர்டருக்கு எடுக்குற ஏலத்துக்கு நானே வாரேன். ஒம் பக்கத்துலயே ஒக்காருறேன். அங்கன பாத்துக்கிருவோம்."

போடியில் டாக்டரைப் பார்த்தால் சேதி எனக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய்விடும். உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறினேன். காய்ச்சல், கால்வலி, காது, மூக்கு எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே டாக்டரம்மா. காத்திருக்கும் அறையில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், சுவர் காலண்டரில் ராகுகாலம் முழுதும் மனப்பாடம் ஆனது.

எனக்கு முன்னால் காது கேட்கவில்லை என்று உள்ளே போன பெரியவர், காது அழுக்கை எடுத்துவிட்டு வெளியே வந்தார். "ஏத்தா, இந்த ஃபேனு இம்புட்டுச் சத்தமாவா ஓடுது?" என்று சம்சாரத்திடம் கேட்டார்.

"அப்ப இம்புட்டு நாளா நான் பேசுனது ஒண்ணுமே கேக்கலையாக்கும்?"

பெரியவர் ஏக்கத்தோடு டாக்டர் அறையைத் திரும்பிப் பார்த்தார்.

என் முறை. டாக்டரம்மா டார்ச் அடித்து மூக்கை விரித்துப் பார்த்தார்.

"கட்டியா டாக்டர்?"

"கட்டியெல்லாம் இல்ல. ரெண்டு பக்கமும் செவசெவன்னு வீங்கிக் கெடக்கு. மூக்குக்கு என்ன போடுறீக?"

"ஒண்ணுமில்லம்மா."

"அப்ப எதுக்குச் சட்டைப் பையப் பொத்திக்கிட்டே இருக்கீக?"

பாட்டில் வெளியே வந்தது.

"சளிக்கு ரெண்டு மூணு நாள் போடுற மருந்து இது. மாசக்கணக்கா போட்டா, வேகம் எறங்குன ஒடனே முன்னயவிட வீங்கும். நீங்க திரும்ப ஊத்துவீக. தெறக்குதுன்னு நெனச்சு ஊத்துறீக... அடைக்கிறதே இதுதான்."

"நிப்பாட்டுனா?"

"கொஞ்ச நாளைக்கு மூச்சு முட்டும். வாயாலதான் விடணும்."

"ஏலம் இருக்கே தாயி! எம் பொழப்பே மூக்குலதான் நிக்குது!"

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "சரி, ஒரு பக்கத்துல மட்டும் மொதல்ல சொட்ட நிப்பாட்டுங்க. வலது பக்கத்துக்கு நான் தர்ற இந்த ஸ்ப்ரேயும் உப்புத்தண்ணியும் மட்டும். அது தெறந்ததும் இடதுலயும் நிப்பாட்டிருங்க."

இடது மூக்கு ராஜபோகம், வலது மூக்கு கடும் தவம்! கை தானாகப் பைக்குப் போகும், நான் தட்டிவிடுவேன். வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்ததைக் கூட்டினால் குமுளிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். "செத்த ஒக்காருங்களேன், எனக்குக் கிறுகிறுன்னு வருது" என்றாள் வீட்டுக்காரி. ஏலம் நெருங்க நெருங்க, வலது பக்கம் காற்று வந்தது, வாசனை வரவில்லை.

ஏலத்தன்று காலையில்... "பால் அடிப்பிடிச்சிருச்சா?" என்றேன். அவள் முறைத்தாள். நான் அந்தக் கரிந்த பாலின் முன்னால் சாஷ்டாங்கமாக விழாத குறை!

மண்டபத்தில் முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு சாம்பிளுக்கும் முகத்தைத் திருப்பி, வலது மூக்கில் வைத்து இழுத்தேன்.

"என்னப்பா, காய்கிட்ட ரகசியம் பேசுறியா?"

ஒரு லாட் வந்தது. குண்டுக் காய், கிளிப்பச்சை. மண்டபமே பாய்ந்தது. முதலாளியும் விலை கேட்கக் கையைத் தூக்கினார். நான் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினேன்.

"வேணாம். புகை."

என்னை ஒரு பார்வை. காயை உரித்து அவரே முகர்ந்தார். கையிலிருந்ததை அப்படியே தரையில் வீசினார்.

"அடுத்ததப் பாரு" என்றார். என் நாற்காலி என்னிடமே இருந்தது. அடுத்த மாதத்துக்குள் இடது மூக்கையும் மீட்டு ராஜ்யத்தை ஒன்றாக்கினேன்.

இப்போது மண்டபத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். கை தூக்க வேண்டாம், பட்டன் போதும். போன மாதம் என் மருமகன் காய் எடுப்பதைப் பார்க்க மண்டபத்துக்குப் போயிருந்தேன். தட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, பழக்கதோஷத்தில் வலது பக்கம் வைத்து நிதானமாக இழுத்தேன்.

"மாப்ள, இதுல லேசா புகை இருக்கு..."

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாமா, அந்த லாட்டு அப்பவே ஏலம் போயிருச்சு."

காயை வீசலாம் என்று கீழே பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. மனசு வரவில்லை... ஒரு காலத்தில் சொட்டு மருந்து பாட்டிலைப் பொத்தி வைத்த சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.