ஆற்றுக்குக் கொண்டுபோன தண்ணீர்

ஐம்பத்தைந்து வயதில் கூடாரம் ஒன்று வாங்கி, மொட்டைமாடியில் கட்டி, உள்ளே உட்கார்ந்து தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம், அதன் தார்ப்பாய் வாசனை.

எழுபதுகளில் சித்தப்பா என்னைச் சனிக்கிழமைதோறும் வலியசாலையிலிருந்து சைக்கிளில் அருவிக்கரைப் பக்கம் ஆற்றங்கரையில் தங்கக் கூட்டிப்போவார். அவர் கேரியரில் கூடாரம் கட்டத் தார்ப்பாய். என் கேரியரில் பித்தளைக் குடம் நிறைய எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். ஆற்றுக்கு!

"யார் யார் குளிச்ச ஜலமோ, தொடப்படாது. ஜலதோஷம் வேற பிடிக்கும்" என்பார். விடிந்ததும் சந்தியாவந்தனத்துக்கு அவர் மட்டும் அதே ஆற்றில் முழங்கால்வரை இறங்குவார். எனக்கு ஒரேயொரு முழுக்குப் போட்டால் போதும் என்றிருக்கும். நீந்திக்கொண்டிருந்த பையன்கள் குடத்தைப் பார்த்து, "எந்தா சாமி, ஆற்றிலெ வெள்ளம் தீர்ந்நுபோயோ?" என்று மலையாளத்தில் கூவுவார்கள்; ஆற்றில் தண்ணீர் தீர்ந்துபோச்சா என்று கேலி. சித்தப்பாவுக்கு அது காதில் விழாது. எனக்கு இன்னும் விழுகிறது. அந்த மனிதரை நான் மன்னிப்பதாக இல்லை.

தூறல் விழ, துணி எடுக்க வந்த மனைவியிடம் இதையெல்லாம் கொட்டி, நாளைக்கே போய் ஆற்றில் குதிக்கப்போவதாக அறிவித்தேன். அறிவித்த கையோடு அடுக்கடுக்காகத் தும்மினேன்.

"ரெண்டு தூத்தலுக்கே இந்தப் பாடா?" என்றாள். "சித்தப்பாவோட குடம் பரண்லதான் இருக்கு. தேச்சுத் தரட்டுமா?"