ஒடுகத்தூர் கடை மழைக்கோட்டு, ஆன்லைன் விலையில்

எங்கள் மலைக்குப் பார்சல் ஏறி வராது. ஆன்லைனில் வாங்கிய மழைக்கோட்டை எடுத்துவர இன்று ஒடுகத்தூருக்கு இறங்கினேன்.

பார்சல் ஆபீசுக்கு எதிரே இருந்த துணிக்கடை வாசலிலேயே பிரித்தேன். கோட்டுக்குள் 350 ரூபாய் என்று ஒரு ஸ்டிக்கர். நான் கொடுத்தது எழுநூறு.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னாங்க இது, நம்ம கடை ஸ்டிக்கராச்சே?”

“ஆன்லைன்ல வாங்கினதுங்க.”

“போன வாரம் ஒருத்தர் பத்து கோட்டு மொத்தமா வாங்கினு போனாரு. பெரிய குடும்பம்னு நெனச்சேன்.”

எரிச்சல் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரிடமே ஒன்று வாங்கினேன்.

“ஆன்லைன்ல எப்படிங்க விக்கறது? எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். அவர் ஆன்லைனில் போட்ட விளம்பரப் படத்தில் கோட்டு மாட்டி நிற்பது நான்தான். சிரிக்காமல் விலையை மட்டும் பாருங்கள்.