மினுக்கி மாட்டிய விளக்கு

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை மினுக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அலங்காரத்துக்காக வந்த பேர் இல்லை. பகல் முழுக்க விளக்கை மினுக்கிப் பார்ப்பதே அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கு மினுங்கும். அந்த மினுங்கலில் சேதி போகும். கம்பியும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம்.

மூன்று வருஷம் மாடாக உழைத்து, ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தைகள் வார்டில் ஒரு விளக்கை மாட்டினாள். குழந்தைகளின் நாடித்துடிப்பு எண்கள் அந்த வெளிச்சத்தில் இறங்கி, நர்ஸம்மா கையிலிருக்கும் டேப்லெட்டில் விழவேண்டும். காலையில் ஜோராக விழுந்தன. மதியம், குழந்தைகள் தூங்கட்டும் என்று நர்ஸம்மா விளக்கை மங்கலாக்கினாள். எண்கள் கப்சிப்.

"என்னம்மா, உன் விளக்கும் சேர்ந்து தூங்கிருச்சா?"

மினுக்கிக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் அவள் சேதி அனுப்பினாள். விளக்கு மங்கியபோது, கூடின வெளிச்சமும் குறைந்த வெளிச்சமும் ஒன்றுபோலாகிவிட்டன. ஆய்வுக்கூடத்தில் விளக்கை மங்கலாக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அங்கே யார் தூங்குகிறார்கள்!

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா கழட்டிட்டு வந்துரு," என்று ஆய்வுக்கூட மேலாளர் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் விளக்கோடு மல்லுக்கட்டினாள், பலனில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்குப் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. வீட்டுக்காரர்தான். நாலு மணிக்கு மிஸ்டு கால் வந்தால் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தாயிற்று. நாலரைக்கு வந்தால் பஸ்ஸைத் தவறவிட்டாயிற்று. பேச்சே கிடையாது. எப்போது அடித்தது என்பதுதான் சேதி.

துள்ளி எழுந்தாள். விளக்கும் அப்படியே மினுங்கட்டுமே! எவ்வளவு வெளிச்சம் என்று பார்க்கவே வேண்டாம். எந்தக் கணத்தில் மின்னியது என்று பார்த்தால் போதும்.

"வேகம் பாதியாயிடுமே?" என்று மேலாளர் இழுத்தார்.

"ஆகட்டும் சார். துடிப்பு எண்ணுதானே போகுது, சினிமாவா போகுது?"

"பாதி வேகத்தைப் பாத்து நாலு பேர் சிரிப்பாங்க."

"நல்லா சிரிக்கட்டும். நான் இப்படித்தான் செய்வேன்."

வெள்ளிக்கிழமை மதியம் நர்ஸம்மா விளக்கைக் குறைத்தாள். எண்கள் ஓடின. இன்னும் குறைத்தாள். ஓடின. வம்புக்கென்றே விளக்கின் குமிழைக் கடைசிவரை திருப்பினாள். மினுக்கி டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். அரையிருட்டில் குழந்தைகள் பாட்டுக்குத் தூங்கின, எண்கள் பாட்டுக்கு ஓடின.

"பரவால்லயே! பக்கத்து ரூமுக்கும் ஒண்ணு மாட்டிக் குடு, கண்ணு."

"அதைத்தான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் கூடவே வந்திருந்த மேலாளர்.

மினுக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப வந்து ஏணியைப் பிடிங்க, சார்."