மாலைக்குப் பின்னால்

ரசாக் தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் பையில் போடுவார். "இந்த மனுசன் என்னையக் கட்டிக்க மட்டும் எப்படித்தான் ஒரே வார்த்தைல சரின்னாரோ" என்று அவர் மனைவி சாஜிதா பேகம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சந்தேகம்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சோறு போட்டது. அன்னூருக்கு அப்பால் ராமாமணி அம்மாள் நடத்தும் சின்னக் கம்பெனியில் ஒரே ஒரு நான்கு சீட்டு விமானம். அதன் கருவிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் அது தரையை விட்டுக் கிளம்பாது.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், வால்பாறை எஸ்டேட்களைப் படமெடுக்கப் போன பைலட் கவின் இருட்டும் நேரத்தில் வந்து இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு பச்சை வெளிச்சமுங்கண்ணா. முன்னாலயே கூட வந்துச்சு. நான் திரும்புனா அதுவும் திரும்புது. காம்பஸும் முப்பது டிகிரி தப்பாக் காட்டுச்சுங்க."

ரசாக் காம்பஸைக் கழற்றிப் பட்டறை மேஜையில் வைத்துச் சோதித்தார். கடுகளவு பிசகில்லை. ஒயர், பியூஸ் எல்லாம் சரி. அப்படியென்றால் பொய் சொல்வது ஆள்தான். பையன் வழி தவறியிருப்பான், அதை மூடி மறைக்க வெளிச்சத்தைத் துணைக்குக் கூட்டி வந்திருக்கிறான். 'கருவிகளில் கோளாறு இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. மனநலச் சான்றிதழ் வாங்கும்வரை கவின் பறக்கக் கூடாது என்று விமானத் துறையிலிருந்து உத்தரவு வந்தது. அப்படியொரு சான்றிதழ் கேட்கப்பட்ட பைலட்டை வேறெந்தக் கம்பெனியும் வாசலில் சேர்க்காது. இது ரசாக்குக்கும் தெரியும். தெரிந்தும், பொய்யைப் பிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், சிங்காநல்லூர் பஸ்ஸில் அவருக்கு முன்சீட்டு கிடைத்தது. இருட்டியதும் ரோட்டுக்கு மேலே, லாரிகளைவிட உயரத்தில், ஒரு சிவப்பு விளக்கு மிதந்து வந்தது. பஸ் திரும்பியது. விளக்கும் திரும்பியது. மெல்ல டிரைவர் பக்கம் பார்த்தார். முருகன் படத்துக்குக் கீழே எரிந்த சின்ன பல்புதான் கண்ணாடியில் விழுந்து வெளியே பறந்துகொண்டிருந்தது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. விமானத்தின் முன்கண்ணாடி ஓரத்தில் பூஜையன்று ராமாமணி சாத்திய சாமந்தி மாலை கண்ணுக்குள் வந்து நின்றது. அத்தனையையும் குடைந்து பார்த்தவர் அதை மட்டும் தொடவில்லை. அவர்கள் சாமிக்குப் போட்டது, நாம் கை வைத்தால் மரியாதை இல்லை என்று ஒதுங்கியிருந்தார். காம்பஸை விமானத்தில் வைத்தே சோதிக்க வேண்டும் என்பது விதி. மாலையை விலக்காமல் அது முடியாது; பூ வாடி அவர்களே எடுக்கட்டும் என்று அதையும் தள்ளிப் போட்டிருந்தார்.

காலையில் முதல் வேலையாக ராமாமணியிடம் போனார். தன் சாமான்களை எடுத்துப் போக வந்த கவினும் அங்கே நின்றிருந்தான்.

"அம்மா, அந்த மாலையக் கொஞ்சம் எடுத்துத் தாரீங்களா?"

காய்ந்த பூவுக்குப் பின்னால், காம்பஸை ஒட்டி, கட்டைவிரல் அளவில் ஒரு பிள்ளையார். இருட்டினால் தானாக எரியும் பச்சை விளக்கு. அடியில் காந்தம்.

"தொணைக்கு இருக்கட்டும்னு நாந்தானுங்க வச்சேன். வெளிய வந்த வெளிச்சம் இதுதான்னு எனக்குத் தோணவே இல்லீங்க. ஏனுங்க பாய், நீங்க பாக்கலீங்களா?"

"சாமி காரியமுங்க. நான் எப்படீங்கம்மா கை வைக்கறது?"

"இந்தப் பிளேன்ல உங்க கை படாத எடம் உண்டுங்களா? பூவுல மட்டும் என்னங்க?" ராமாமணிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என்னைய ஒரே நாள்ல சந்தேகப்பட்டுப்போட்டீங்க. அந்தப் பூவைச் சந்தேகப்படலீங்களே" என்றான் கவின். அவன் சத்தம் போடாமல் சொன்னதைத்தான் ரசாக்கால் தாங்க முடியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து புது அறிக்கை எழுதினார். 'விமானி கண்டது உண்மை. மாலைக்குப் பின்னால் நான் பார்க்கவில்லை. விதிப்படி சோதிக்கவும் இல்லை.' இதற்குப் பிறகு கையெழுத்துப் போடும் உரிமை தனக்கு இருக்காது என்று தெரிந்தே அடியில் கையெழுத்திட்டுக் கவினிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க தம்பி."

கவின் வாங்கினான். ஒவ்வொரு வரியாக, தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தான்.